வாயில்லாத் தோழன்

(சங்கத்தின் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இவ்விழாவிலே பேச வேண்டுமென்று செயலாளர் அவர்கள் எம்மைக் கேட்டபொழுது, "பல்கலைக்கழகத்திற் படிக்கிறாய், நல்ல விடயமாக ஒன்றை எடுத்துப் பேசு" என்றார். சமயத்தைப் பற்றியோ இளைஞர் கடமையைப் பற்றியோ நாம் பேசுவோம் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். நாயைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் அவருடைய முகம் சற்றே மாறிற்று. இருந்தும், மறுக்கவில்லை. அதற்கு நாம் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம். "சபையிலே நாயைப் பற்றி என்ன பேச்சு?" என்று இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களும் நினைக்கலாம். சிறிது பொறுத்தருளுங்கள். இந்த விடயத்தை நாம் விரும்பி எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வருஷமாக அது எம்மை விடாது பிடித்திருக்கிறது. காரணத்தைப் பின்னர் சொல்வோம்.

முதலில் ஓர் அயல்நாட்டுக் கதை. கதையென்று சொன்னாலும் நடந்த சங்கதியே.

2012ஆம் ஆண்டு சனவரி மாதம். இங்கிலாந்திலே கடுங்குளிர் காலம். லண்டன் மாநகரத்துப் புகையிரதப் பாதையொன்றிலே, ஐந்தாறு மாதமே நிரம்பிய நாய்க்குட்டியொன்றை யாரோ கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். புகையிரதம் மோதிற்று. பின்னங்கால் ஒன்றும் வாலும் சிதைந்து போயின. ஆயினும் அந்தச் சீவன் சாகவில்லை. தண்டவாளத்தை விட்டு ஊர்ந்து வந்து, குளிரிலே குற்றுயிராய்க் கிடந்தது. கண்டெடுத்தவர்கள் மிருக வைத்தியசாலைக்குக் கொண்டு போனார்கள். சிதைந்த காலையும் வாலையும் வெட்டி அகற்றித்தான் உயிரைக் காப்பாற்ற முடிந்தது. அது துருக்கி நாட்டு இடையர்கள் ஓநாயிடமிருந்து மந்தையைக் காப்பதற்கு வளர்க்கும் சாதி நாய். வளர்ந்தால் கன்றுக்குட்டியளவு நிற்கும். மூன்று காலும் வாலில்லாத உடம்புமாக நிற்கும் இந்தப் பெரிய நாயை யார் வளர்ப்பார்கள்?

இங்கிலாந்தின் தென்பகுதியிலே ஒரு குடும்பத்தார் அதனை ஏற்றுக்கொண்டார்கள். 'ஹாச்சி' என்பது அதன் பெயர். யப்பான் நாட்டிலே, 1925ஆம் ஆண்டில் இறந்துபோன தன் எசமானராகிய பேராசிரியரை எதிர்பார்த்து, 1935இல் தான் இறக்கும்வரை தோக்கியோவின் ஷிபுயா புகையிரத நிலையத்துக்கு நாள்தோறும் வந்துகொண்டிருந்த ஹாச்சிக்கோ என்னும் நாயின் நினைவாகவே அந்தப் பெயர். அந்த வீட்டிலே ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். அவனுடைய பெயர் பத்திரிகைகளிலெல்லாம் வந்ததுதான். எனினும் பிள்ளையாயிருந்த காலத்து நோயை அவன் பெயரோடு சேர்த்து நாம் இங்கே சொல்லவேண்டியதில்லை. ஷுவார்ட்ஸ்–ஜம்பெல் என்னும் மிக அரிதான நோய் அவனுக்குப் பிறவியிலேயே வாய்த்திருந்தது. நம்முடைய தசைகள் வேலை செய்யும்போது இறுகி, வேலை முடிந்ததும் தளர்கின்றன அல்லவா? அவனுக்கோ இறுகிய தசை தளர்வதில்லை. நடப்பதற்குக் கைத்தாங்கி வேண்டும். தூரம் போவதற்குச் சக்கர நாற்காலி வேண்டும். இவற்றிலும் பெரிய துன்பம் ஒன்றிருந்தது. அந்நியரைக் கண்டால் அவனுக்கு அச்சம். வீட்டை விட்டு வெளியே போக மனம் வராது. வெளியே போனால் எல்லாரும் பார்ப்பார்கள்.

அந்தக் குழந்தையின் பக்கத்தில் மூன்று கால் நாய் வந்து படுத்துக்கொண்டது. பழக்குவதற்கோ ஏவுவதற்கோ ஒருவரும் முயலவில்லை. அன்றுதொட்டு இருவரும் இணைபிரியவில்லை. பையன் நாயைக் கூட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தான். தெருவில் நின்றவர்கள் நாயைக் கண்டு அருகே வந்தார்கள். "இதற்குக் கால் எங்கே? என்ன நடந்தது?" என்று அவனைக் கேட்டார்கள். அவன் வாய் திறந்து, தன் நாயின் சரித்திரத்தைத் தானே சொன்னான். அந்நியருக்கு அஞ்சி ஒளிந்த பிள்ளை அந்நியருக்குக் கதை சொல்லுகிற பிள்ளையானான். 2013ஆம் ஆண்டு 'கிரப்ட்ஸ்' என்னும் பெரிய நாய்க் கண்காட்சியிலே, மனிதருக்கும் நாய்க்குமுள்ள நட்பைப் பாராட்டி வழங்கும் பரிசு இவ்விருவருக்கும் கிடைத்தது. இன்று அந்த நாய் உயிரோடில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாய் வந்ததனாற் பையனுடைய தசைகள் தளர்ந்துவிடவில்லை. நோய் நோயாகவே இருந்தது. இப்படிப்பட்ட சங்கதிகளைச் சொல்லுகிறவர்கள் சிலர், நாய் ஏதோ அற்புதம் செய்துவிட்டதாக முடித்துவிடுகிறார்கள். எமக்கு அது பிடிப்பதில்லை. அற்புதம் என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லையே! அந்தப் பையனிடத்தில் மாறியது எது? முன்பும் தெருவிலே மனிதர் இருந்தார்கள். பின்பும் அவர்களே இருந்தார்கள். முன்பு பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்கள், பின்பு நின்று பேசினார்கள்.

இஃது எமது கற்பனையன்று. சென்ற வருஷம் பல்கலைக்கழக நூல்நிலையத்திலே வேறொரு கட்டுரை எழுதுவதற்காகப் பழைய சஞ்சிகைகளைப் புரட்டிக்கொண்டிருந்தோம். அமெரிக்காவிலே லினெற் ஹார்ட் என்னும் பெண்மணியும் அவருடன் இருவரும் செய்து, 1989ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று கண்ணிற் பட்டது. சக்கர நாற்காலியிலிருக்கும் பத்து முதற் பதினைந்து வயதுவரையான பிள்ளைகளைப் பாடசாலை முற்றத்திலும் கடைத்தொகுதிகளிலும் நின்று அவதானித்திருக்கிறார்கள். சிலரோடு பழக்கிய நாய் இருந்தது, சிலரோடு இல்லை. வழியே போகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதே கேள்வி. அன்போடு பார்க்கிறார்களா, புன்னகை செய்கிறார்களா, ஒரு வார்த்தை பேசுகிறார்களா என்று ஒவ்வொன்றாகக் குறித்திருக்கிறார்கள். நாயோடு இருந்த பிள்ளைகளுக்கே அன்பான பார்வையும் புன்னகையும் பேச்சும் கூடுதலாகக் கிடைத்தன. நாயில்லாத பிள்ளையை நோக்கி வந்த மனிதர், நாற்காலியைக் கண்டதும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு கடந்து போய்விடுகிறார். தீய எண்ணத்தினாலன்று. என்ன பேசுவது என்று தெரியவில்லை. உற்றுப் பார்த்தால் பிழை, பாராதிருந்தாலும் பிழை என்ற கூச்சம். நடுவிலே ஒரு நாய் நின்றால் அதைப் பார்க்கலாம். அதன் பெயரைக் கேட்கலாம். அப்படியே பிள்ளையோடும் பேசலாம்.

அந்தக் கட்டுரையைப் படித்து முடித்தபின் அன்று வேறெதையும் படிக்க எம்மால் முடியவில்லை. ஏனென்பதற்கு வருகிறோம்.

அதற்கு முன், இத்துறைக்கு வித்திட்ட ஒருவரைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்லவேண்டும். நியூயோர்க்கிலே போரிஸ் லெவின்சன் என்றொரு பிள்ளைகளின் உளநூல் அறிஞர் இருந்தார். ஒருவரோடும் பேசாது தன்னுள்ளே ஒடுங்கிப்போன சிறுவன் ஒருவனை அவனுடைய பெற்றோர் அவரிடம் கூட்டி வந்தார்கள். குறித்த நேரத்துக்கு முன்னரே வந்துவிட்டார்கள். அவருடைய வளர்ப்பு நாய் 'ஜிங்கிள்ஸ்' மேசையருகே படுத்திருந்தது. வேறு நாளாயின் அதனை அப்புறப்படுத்தியிருப்பார், அன்று நேரமில்லை. நாய் ஓடிவந்து பையனை நக்கிற்று. அவன் அஞ்சவில்லை, அணைத்துக்கொண்டான். போகும்போது மறுபடியும் நாயோடு விளையாட வரலாமா என்று கேட்டான். தொடக்கத்தில் அவன் நாயோடு மாத்திரமே பேசினான். நாளடைவில் அவரோடும் பேசினான். இதனை லெவின்சன் 1961ஆம் ஆண்டில் அறிஞர் சபையொன்றிலே எடுத்துச் சொன்னபோது சிலர் நகைத்தார்களாம். வாங்கும் பணத்திலே நாய்க்குப் பங்கென்ன என்று பரிகாசம் செய்தவர்களும் உண்டென்பர். மறுவருஷம், 1962இல், கட்டுரையாகவே வெளியிட்டார். நாயைத் தம்முடைய உடன்வைத்தியராகவே அதன் தலைப்பிற் குறிப்பிட்டார்.

அன்பர்களே, லண்டனையும் நியூயோர்க்கையும் விட்டு இனி நம்முடைய ஒழுங்கைக்கு வருவோம்.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையிலே ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 8.7 பேர் ஏதோ ஒரு வகையில் உடல் இயலாதவர்கள். பதினாறு இலட்சத்துக்கும் அதிகமானோர். நாடெங்குமுள்ள இக்கணக்கைக் கேட்கும்போது, அவர்களெல்லாரும் எங்கே என்று கேட்கத் தோன்றவில்லையா? கோயிலிலே காண்கிறோமா? சந்தையிலே காண்கிறோமா? இந்த மண்டபத்துக்கு ஏறிவரும் ஐந்து படிகளை எண்ணிப் பாருங்கள். முன்னாளில் அங்கவீனர் என்றோம், இப்பொழுது மாற்றுத்திறனாளிகள் என்கிறோம். சொல்லை மாற்றியது நன்றே. படிகள் அப்படியே இருக்கின்றன.

எமது ஒழுங்கையின் கடைசி வளவிலே ஒரு பையன் இருக்கிறான். அவனுக்கு இப்போது பதினொரு வயது. பிறந்த நாள் முதலாகக் கால்கள் வழங்காது. கைகளும் நினைத்தபடி நிற்பதில்லை. அறிவிலே குறைவொன்றுமில்லை, நம்முள் பலரினும் கூர்மையானவன். ஆனால் நாக்கு ஒத்துழைப்பதில்லை. அவன் பேசுவது தாய்க்கு மாத்திரமே விளங்கும். தாய் சந்தையிலே மரக்கறி விற்பவர். நாம் சிறுவயதிலிருந்தே அந்தப் படலையைக் கடந்துதான் பாடசாலைக்கும் கோயிலுக்கும் போய்வந்தோம். படலைக்குள்ளே ஒரு கதிரையும் அதில் ஒரு பிள்ளையும் இருப்பது தெரியும். தெரியும் என்பதோடு சரி. ஒரு நாளேனும் உள்ளே போய், "தம்பி, எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டதில்லை. மனமில்லாமலன்று என்று எமக்கு நாமே சொல்லிக்கொண்டோம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மழை நாளிலே, சந்தை வாசலிலே யாரோ ஒரு சாக்கிற் குட்டிகளைக் கட்டிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவிழ்த்துப் பார்த்தபோது ஒன்றில் மட்டும் உயிர் இருந்தது. அந்தத் தாய் அதனைக் கடகத்திலே வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்தார். எலும்பும் தோலுமாயிருந்த அதற்குப் பையன் வைத்த பெயர் வீமன்! அவன் வாயிலே அது 'ஈமன்' என்றுதான் வரும். நாய்க்கோ அதுவே தன் பெயர். நாமோ நீங்களோ "வீமன்" என்று திருத்தமாகக் கூப்பிட்டால் அது திரும்பிப் பார்ப்பதில்லை. அவன் "ஈமன்" என்றால் வளவின் மூலையிலிருந்து பாய்ந்து வரும். ஊரிலே ஒருவருக்கும் விளங்காத அவனுடைய பேச்சு அந்த ஒரு சீவனுக்கு விளங்கிற்று.

இன்னொன்றும் உண்டு. பிறந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளைக்கு யாரோ ஒருவர் ஊட்டுகிறார், யாரோ உடுத்துகிறார், யாரோ தூக்குகிறார். எதுவும் பிறர் செய்ய, அவன் வாங்கிக்கொள்பவன். நாய் வந்தபின் அவனும் கொடுப்பவனானான். தன்னுடைய சோற்றிலே ஒரு பிடியை மடியில் ஒதுக்கி வைப்பான். கை நடுங்கி அரைவாசி நிலத்திற் சிந்தும். சிந்தியதும் வீமனுக்கே என்றபடியால் அங்கே பிழையென்று ஒன்றில்லை. இதனைத் தாயார் பிற்பாடு எமக்குச் சொன்னார்.

இனிக் காரணத்தைச் சொல்லவேண்டும். சொல்ல நா எழவில்லை. ஆயினும் சொல்லாது அமர்வது சரியன்று.

சென்ற வருஷம் தேர்த்திருவிழா. அந்தப் பையன் பதினொரு வருஷத்திலே முதன்முறையாகத் தேர் பார்க்க வந்தான். முன்னெல்லாம் தாய் எவ்வளவோ கேட்டும் மறுத்தவன், வீமன் கூட வந்தால் வருவேன் என்றானாம். தருமத்துக்குக் கிடைத்த சக்கர நாற்காலியின் கைப்பிடியிலே கயிற்றைக் கட்டி, நாயும் பக்கத்தில் நடக்க, தாய் தள்ளிக்கொண்டு வந்தார். வழியிலே கடைக்காரர் நாயின் பெயரைக் கேட்டிருக்கிறார். சின்னப் பிள்ளைகள் கூடவே நடந்திருக்கிறார்கள். வெளிவீதியிலே தண்ணீர்ப் பந்தலுக்கு அருகே, வேப்பமரத்தின் கீழ் வந்து நின்றார்கள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுடைய சிரிப்பை நாம் கண்டது அன்றுதான் முதன்முறை.

நாம் நெஞ்சிலே தொண்டர் சின்னம் குத்தியிருந்தோம். எம்மோடு மூவர். சங்கத்தின் சார்பிலே ஒழுங்கு காப்பது எமது பொறுப்பு.

"அக்கா, இதுக்குள்ளை நாயைக் கொண்டு வரக்கூடாது."

"கட்டித்தான் வைச்சிருக்கிறன் தம்பி. தேர் வந்த உடனை பாத்திட்டுப் போயிடுவம்."

"சனம் பிரதட்டை எடுக்கிற இடம். கொண்டு போங்கோ."

நாம் சொன்னதிலே நியாயமில்லாமலில்லை. தேருக்குப் பின்னே அடியார்கள் ஈர வேட்டியோடு உருண்டு வருவார்கள். ஆயிரம் சனத்தின் நடுவே ஒரு நாய் வெருண்டால் என்ன ஆகும்? இதையெல்லாம் நாம் இன்றும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அந்த வேப்பமரத்தடி பிரதட்டை வரும் வழியன்று. அதுவும் எமக்குத் தெரியும். கையிலே கம்பு இருந்தது. சனம் எம்மைப் பார்த்துக்கொண்டு நின்றது. எம்மில் ஒருவர் கம்பை ஓங்கினார். யார் என்பது இப்போது முக்கியமன்று, நாம் தடுக்கவில்லை. அடி விழுந்தது. நாய் ஊளையிட்டுக் கதிரையின் கீழே ஒடுங்கிற்று. பையன் ஏதோ கத்தினான். கூட்டத்தைக் கண்டு பயந்து கத்துகிறான் என்று நினைத்தோம். "ஈமன், ஈமன்" என்று அவன் கூப்பிட்டது பிறகுதான் எமக்கு விளங்கிற்று.

தாய் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நாற்காலியைத் திருப்பினார். வீதிக்குப் புதிதாக மணல் பரவியிருந்தது. சில்லுகள் புதைந்தன. அவர் முன்னாலும் பின்னாலும் இழுத்து இழுத்துப் பார்த்தார். ஒரு கை கொடுத்திருக்கலாம். நான்கு பேர், நான்கு இளைஞர், ஒழுங்கு காக்க நின்றவர்கள், பார்த்துக்கொண்டு நின்றோம். அந்நேரம் தேர் அசைந்தது. நாம் திரும்பி அரோகரா என்று கோஷமிட்டோம். மறுபடி பார்த்தபோது வேப்பமரத்தடியில் இரண்டு சில்லுத் தடங்கள் மாத்திரமே இருந்தன.

நூல்நிலையத்திலே அந்த அமெரிக்கக் கட்டுரையைப் படித்த அன்று எமக்கு வேறெதுவும் ஓடாதது இதனாலேதான். ஊரும் நாமும் பதினொரு வருஷம் செய்யாததை ஒரு சாக்கு நாய் செய்து, அவனைத் தேரடி வரைக்கும் கூட்டிவந்துவிட்டது. அதன் பின்பு அவன் படலையை விட்டு வெளியே வரவில்லை என்று கேள்விப்பட்டோம்.

மகாபாரதத்தை நம்முள் அறியாதார் இல்லை. ஐவரும் திரௌபதியும் வடக்கு நோக்கி நடந்த இறுதிப் பயணத்திலே ஒவ்வொருவராய் வீழ, தருமரோடு கடைசிவரை வந்தது ஒரு நாய். இந்திரன் தேரோடு வந்து, நாயை விட்டுவிட்டு ஏறு என்றான். நம்பி வந்ததை விட்டு வரமாட்டேன் என்று தருமர் மறுத்தார். நாயாக வந்தவர் தருமதேவதையே என்பது பின்னர் தெரிந்தது. இந்தக் கதையைச் சங்கத்து வகுப்பிலே பலமுறை கேட்டிருக்கிறோம். சிறுவர்களுக்குச் சொல்லியும் இருக்கிறோம். அங்கேயும் ஒரு தேர் வந்தது என்பது இப்போதுதான் உறைக்கிறது.

ஆனால் அதே நூலின் தொடக்கத்திலும் ஒரு நாய் வருவதைப் பலர் கவனிப்பதில்லை. ஆதிபருவத்திலே ஜனமேஜயன் குருக்ஷேத்திரத்தில் வேள்வி செய்யும்போது, தெய்வ நாயாகிய சரமையின் குட்டி அங்கே வருகிறது. அவனுடைய தம்பியர் அதனை அடித்துத் துரத்துகிறார்கள். அது அவியைத் தொடவுமில்லை, பார்க்கவுமில்லை. குட்டி அழுதுகொண்டு தாயிடம் போக, சரமை வேள்விச்சாலைக்கே வந்து, என் பிள்ளை செய்த குற்றம் என்ன என்று கேட்கிறாள். அவர்களிடம் மறுமொழி இல்லை. அரசன் அஞ்சிப்போகிறான். நாம் பெரியோர்களிடம் கேட்கவேண்டியது இதுதான்: அந்தத் தாய் அன்றைக்கு எம்மிடம் அப்படிக் கேட்டிருந்தால் நாம் என்ன மறுமொழி சொல்லியிருப்போம்? வைரவருக்குப் படையலிட்டு, அவருடைய வாகனத்துக்கும் சந்தனப்பொட்டு வைத்துவிட்டு வீதிக்கு வந்தவர்கள் நாம்.

நாம் மிஷன் பாடசாலையிலே படித்தவர். அங்கே படித்த கதையொன்றிலும் செல்வன் வாசலிலே புண்ணோடு கிடந்த ஏழை லாசருவின் அருகே நாய்களே வந்தன. வீட்டுக்காரன் வரவில்லை. வகுப்பிலே அதற்கு நாம் எழுதிய விடைக்கு நல்ல புள்ளி கிடைத்தது ஞாபகம்.

இவ்வளவும் சொன்னதனாலே, உடல் இயலாத பிள்ளையுள்ள வீட்டிலெல்லாம் ஒரு நாயைக் கொண்டுபோய் விடுங்கள் என்று நாம் சொல்லுவதாக எண்ணிவிடாதீர்கள். நாய் மருந்துக் குளிசை அன்று. அதற்கும் பசியுண்டு, களைப்புண்டு, நோவுமுண்டு. இறுக அணைத்தால் நல்ல நாயும் சில வேளை கடிக்கும். பிள்ளையையும் நாயையும் தனியே விடலாகாது. ஏற்கனவே சுமை தாங்க மாட்டாத தாய்க்கு நாயும் ஒரு சுமையாகலாம். விசர்நாய்க்கடி நோய் நம் நாட்டில் இன்னும் ஒழியவில்லை; நோய் வெளிப்பட்ட பின் தப்பிப் பிழைப்பது இல்லையென்றே சொல்லவேண்டும். ஆகவே தடுப்பூசி போடாத நாயைப் பிள்ளையின் பக்கத்தில் வைத்திருப்பது அன்பன்று. கடித்தால், கீறினால், உடனே சவர்க்காரமிட்டு ஓடும் நீரிலே பதினைந்து நிமிஷம் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். வீமனுக்கு ஆண்டுதோறும் ஊசி போடப்பட்டிருக்கிறது. அட்டையை நாம் பார்த்தோம்.

எப்போது பார்த்தோம் என்பீர்கள். போன மாதம் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, ஒழுங்கைக் கடைசிவரை போய் அந்தப் படலையைத் திறந்தோம். போகும்போது என்ன சொல்வதென்று வசனமெல்லாம் தயார் செய்துகொண்டு போனோம். ஒன்றும் வாயில் வரவில்லை. நாய் எம்மைக் கண்டு குரைத்தது. அதற்கு எம்மை ஞாபகமிருந்தது. தாயார், "இருங்கோ தம்பி" என்று திண்ணையிலே பாய் போட்டு, தேநீர் தந்தார். மன்னிக்கவேண்டும் என்றோம். "அதை ஏன் இப்ப" என்றார். அதைவிட ஏசியிருந்தால் எமக்கு இலேசாக இருந்திருக்கும்.

இந்த வருஷத் திருவிழாவுக்காக ஒரு யோசனையைச் சங்கத்தின் முன் வைக்கிறோம். கோயிலுக்குள்ளே நாயை விடும்படி நாம் கேட்கவில்லை; அப்படிக் கேட்பதாக வெளியிலே ஒருவரும் திரித்துச் சொல்ல வேண்டாம். வெளிவீதியிலே, தண்ணீர்ப் பந்தலின் அருகே, வேப்பமரத்தடியிலே, வடக்கயிற்றுக்கும் பிரதட்டைக்கும் புறம்பாக ஓரிடத்தை ஒதுக்கவேண்டும். மணலின்மேல் வாசல் வரைக்கும் பலகை பரவவேண்டும். நான்கு பலகை போதாது, எட்டாவது வேண்டும் என்று தச்சு வேலை தெரிந்த அன்பர் சொல்கிறார். அந்த இடத்திலே இரண்டு தொண்டர் நிற்கவேண்டும். ஊசி போட்டு, கட்டி வைத்த நாயை அங்கே நிறுத்த அனுமதிக்க வேண்டும். பலகைச் செலவை அன்றைக்கு நின்ற நால்வரும் ஏற்கிறோம்.

அன்று தேநீர் குடித்துவிட்டு எழுந்தபோது பையன் ஏதோ கேட்டான். எமக்கு விளங்கவில்லை. தாயைப் பார்த்தோம். அவர் சொல்லித் தரவில்லை. "ஆறுதலாக் கேளுங்கோ தம்பி, விளங்கும்" என்றார். அவன் மறுபடியும் சொன்னான். மூன்றாம் முறை கதிரையருகே குந்தியிருந்து கேட்டபோது விளங்கிற்று. "அண்ணை, தேருக்கு ஈமனும் வரலாமோ?" என்பதே அவன் கேட்டது.

எமக்கு மறுமொழி சொல்ல அதிகாரமில்லை. சபை கூடிக் கேட்டுச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை நிர்வாக சபை கூடுகிறது. முடிவு எதுவானாலும் அன்று மாலையே அவனிடம் கொண்டுபோய்ச் சொல்லவேண்டும். எம்மோடு வர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் கிணற்றடியிலே நில்லுங்கள்.